நாத்தனாரின் முழங்கால் அளவு

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து முழங்கால், முழங்கால், முழங்கால். செயற்கை மூட்டு விற்கும் கம்பெனியில் என் வேலை இதுதான்: எக்ஸ்ரேயைக் கணினியில் அளந்து, எந்த சைஸ் பொருந்தும் என்று ஆபரேஷனுக்கு முன்பே சொல்ல வேண்டும். அந்த சைஸும், அதற்கு ஒன்று மேலும் கீழும்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். கண் எரிகிறது.

வீட்டுக்கு வந்தால் நாத்தனார். தன் வீட்டு மாடிப்படி ஏற முடியாமல் எங்களோடு தங்கியிருக்கிறார். "ஏம்மா, அந்த ஜன்னலைச் சாத்து." சாத்தினால், "மூச்சு முட்டுது, திற." இவர் நடந்து தன் வீட்டுக்குப் போனால் போதும். வேறெதுவும் நான் கேட்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

ஆபரேஷன் அடுத்த வியாழன். "நீ பாத்து அளவு சொன்னாத்தான் படுப்பேன். வேற யாரையும் நம்ப மாட்டேன்" என்றார். என் சமையலை மட்டும் நம்ப மாட்டார்.

மார்ச் 9, திங்கள்

அவருடைய எக்ஸ்ரே வந்தது. முழங்காலை ஒட்டி ஓர் இரும்புக் குண்டு வைத்துப் படம் எடுப்பார்கள். குண்டின் அளவு எங்களுக்குத் தெரியும். அதன் நிழலோடு ஒப்பிட்டு எலும்பை அளப்போம். சைஸ் ஐந்து வந்தது. பெண்களுக்கு ஐந்து அபூர்வம். இவருக்குத்தான் எல்லாமே பெரிசாயிற்றே, வாய் உட்பட — என்று நினைத்து, நான்கு, ஐந்து, ஆறு பெட்டிகளை அனுப்பிவிட்டேன்.

மார்ச் 11, புதன்

மாலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கட்டிலில் உட்கார்ந்து தன் தம்பியிடம், அதாவது என் வீட்டுக்காரரிடம், பெருமையடிக்கிறார்: "எக்ஸ்ரே எடுக்கிற ஆளு ரெண்டு முட்டிக்கும் நடுவுல குண்டு வைக்க வந்தாரு. கையை எடுங்கன்னேன். நானே வாங்கி, படுத்திருந்த மேஜை மேல வச்சுட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குண்டு எலும்பின் உயரத்தில் இருக்க வேண்டும். மேஜையில் கிடந்தால் நிழல் சின்னதாக விழும், கணக்கில் எலும்பு பெரிதாகிவிடும். அப்போ என்ன சைஸ்? தெரியலையே! ஐந்துன்னு வந்ததும் ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கக் கூடாதா நான்?

டாக்டருக்குப் போன் போட்டேன். "இப்பவே மறுபடி எடுத்துடலாம். குண்டை நீங்களே வைங்க" என்றார்.

"மறுபடியுமா?" என்று நாத்தனார் முறைத்தார்.

"நான்தான் வைக்கப் போறேன், அண்ணி."

காலை நீட்டினார். வீங்கிய முட்டிக்கு மேலும் கீழும் ஒல்லிக் கால். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பயம். இத்தனை நாள் நான் அதைப் பார்க்கவே இல்லை.

மூன்று! நான் அனுப்பிய பெட்டிகளில் சைஸ் மூன்று இல்லை. எங்கள் கம்பெனி ஸ்டோர்காரர், "பூட்டிட்டுக் கிளம்பிட்டேனேம்மா" என்று புலம்பியபடி திரும்பி வந்து எடுத்துக் கொடுத்தார். வீட்டையே அடைத்துக்கொண்டு இருக்கிற மனுஷிக்குள் இவ்வளவு சின்ன எலும்பு.

மார்ச் 12, வியாழன்

மூன்றுதான் பொருந்தியதாம். வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். நாத்தனாருக்காக நான் அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

மார்ச் 19, வியாழன்

நாத்தனார் மறுபடி எங்கள் வீட்டில். பயிற்சிக்குக் காலை மடக்கச் சொன்னால் திட்டு. எனக்கும் உடம்பு அசந்து போகிறது.

ஏப்ரல் 26, ஞாயிறு

நாத்தனார் தன் வீட்டுக்குப் போய்விட்டார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். விழுந்தால் பிடிக்க நான் பின்னால். மேலே போய்த் திரும்பி, "இன்னொரு காலு என்ன பாவம் பண்ணுச்சு? அதுக்கும் நீதான் பாக்கணும்" என்றார்.

திரும்பி வந்தோம். வீடு அமைதியாக இருந்தது. அவருக்காகப் போட்ட கட்டிலை வீட்டுக்காரர் கழற்ற ஆரம்பித்தார். இருக்கட்டும் என்றேன்.