எதிர்வீட்டுத் தறி நிற்கவில்லை

அக்டோபர் 13, திங்கள்

விடியற்காலையிலிருந்து தூறல். பிள்ளையார்பாளையம் முழுக்க ஈரமும் சாயம் கொதிக்கிற வாடையும். வாடகை அறை மாடியில். ஒரு மூலை ஒழுகுகிறது. பக்கெட் வைத்தாயிற்று.

பேட்டி கொடுத்த பெண்களிடம் ஒரே கேள்வி. மாதவிடாய் நாளில் என்ன செய்வாய்? எல்லோருக்கும் ஒரே பதில்: "தறில எறங்க மாட்டோம்கா." மற்றதெல்லாம் சிரிப்பு. என் ஆய்வுக் கைடு இதை வைத்து ஒரு அத்தியாயமே எழுதச் சொல்வார்.

மாலை, கீழே வீட்டுக்கார அம்மா (இனி வீ.அ.) பூண்டு உரித்துக்கொண்டே பாடம் எடுத்தார். ஒவ்வொரு ஆளுக்கும் தறியில் ஒரு தட்டு உண்டாம். காதில் விழுந்தாலே யார் நெய்கிறார்கள் என்று தெரிந்துவிடுமாம். "கோடி வீட்ல சத்தமில்ல பாரு. பெரிய பொண்ணு தூரம்." நான் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கிக் கேட்பது தெருவுக்கு உட்கார்ந்த இடத்திலேயே தெரிகிறது. எரிச்சல்.

எதிர்வீட்டுத் தறி மட்டும் நிற்பதே இல்லை. டக், டக், ஒரு இழுப்பு, டக். நெய்வது பதினைந்து வயதுப் பெண், பள்ளியைப் பாதியில் விட்டவள். ஆய்வு விதிப்படி பெயர் எழுதக் கூடாது. கௌ. என்று வைத்துக்கொள்கிறேன்.

"அது இன்னும் வயசுக்கே வரல. எப்ப வேணா எறங்கலாம்," என்றார் வீ.அ.

அக்டோபர் 14, செவ்வாய்

மழை இல்லை, வெயிலும் இல்லை. வாங்க: கொசுவர்த்தி, மெழுகுவர்த்தி, நாப்கின். குடைக்கம்பி சரிசெய்ய.

காலையில் கௌ. கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். வெளிறிய முகம், கை வயிற்றில். "கொஞ்சம் படுத்துக்கட்டுமாக்கா?" பாய் விரித்தேன். வெந்நீர் கொடுத்தேன். சுருண்டு படுத்தாள். பார்த்ததுமே புரிந்தது என்ன வலி என்று. கேட்கவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. ஜன்னலுக்கு வெளியே தறி ஓடுகிறது. டக், டக், ஒரு இழுப்பு, டக். அவளுடைய தட்டு. அவளோ என் பாயில்.

"அங்க யாரும்மா நெய்யறது?"

கண்ணைத் திறக்காமல் சொன்னாள்: "நான்தான்கா."

எனக்குப் பேய், பிசாசு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. கீழே இறங்கி வீ.அ.விடம் கேட்டேன், எதிர்வீட்டுத் தறியில் யார் என்று.

"அந்தப் பொண்ணுதான். தட்டு கேக்கலயா?"

"அவ மேல என் ரூம்ல படுத்திருக்காளேம்மா."

அவர் கையில் இருந்த முறம் அப்படியே நின்றது. வெகுநேரம் தெருப்பக்கம் காது கொடுத்தார். உள்ளே போய் போனை எடுத்தார்.

அக்டோபர் 15, புதன்

எதிர்வீட்டுக்குப் போனேன். ஒரே அறை, ஒரே தறி. தறிக்குக் கீழே கால் வைக்க வெட்டிய குழிக்குள் யாரோ உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தாள்; முதுகுதான் தெரிந்தது. இடது தோளைச் சாய்த்து, சின்னப் பெண் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு. கௌ. என்றே நினைத்தேன். திரும்பினாள். நாற்பது வயது முகம். அவள் அம்மா. சிரிக்கவில்லை.

கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "போன வருசமே வயசுக்கு வந்துட்டாம்மா. வெளிய சொன்னா மஞ்சத் தண்ணி, அதோட கல்யாணம். முசரவாக்கத்துல என் தம்பி காத்துக்கினு கீறான். அவ அப்பா வாக்கு குடுத்துட்டு லாரி ஓட்டப் போய்ட்டாரு. மாசாமாசம் இவ தறி நின்னா தெருவுக்கே தெரிஞ்சிடும். அதான் இவள மாதிரியே தட்டக் கத்துக்கினேன்."

"அந்த நாள்லயும் அவளே நெய்யலாமே. ஒண்ணும் ஆகாதும்மா."

"தீட்டோட எறங்கறதா? ஊர ஏமாத்துறேன். தறிய எப்படிம்மா ஏமாத்துவேன்?"

நேற்று கீழே உளறியதைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. கை நின்றது, தறியும் நின்றது. சட்டென்று மறுபடி தட்ட ஆரம்பித்தாள்.

அக்டோபர் 16, வியாழன்

மீண்டும் மழை. அடிமுட்டாள் நான். மூன்று வருடமாக ரகசியம் காப்பது பற்றி வகுப்பு எடுத்தவள்.

நாளை கௌ.வின் மாமா வருகிறாராம், பெண் அழைக்க. அவள் அம்மாவுக்குப் போனில் சொல்லியிருக்கிறார். கௌ.விடம் கேட்டேன், உனக்கு என்ன வேண்டும் என்று. "ஸ்கூல் போணும்கா. மாமா வேணாம்."

குழந்தைகள் உதவி எண்ணில் பேசினேன். காலையில் வருவார்கள். பொழுது சாய அவள் அம்மா கௌ.வை என் அறையில் கொண்டுவந்து விட்டாள். "ஜீப்பு வர்ற வரைக்கும் நான் அவளா இருந்துக்கறேம்மா."

அக்டோபர் 17, வெள்ளி

தெருவில் தண்ணீர். பால் திரிந்துவிட்டது.

ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். மாமா பைக்கை நிறுத்திவிட்டு எதிர்வீட்டு வாசலில். வேட்டி புதிது. உள்ளிருந்து தட்டு, ஒரு இழை பிசகாமல். வீ.அ. எங்கள் வாசலில் கோலப்பொடி டப்பாவோடு. கௌ. மாடியில் இருப்பது அவருக்குத் தெரியும்.

"பொண்ணு உள்ளதானே கீறா?" என்றார் மாமா.

கௌ.வை ஜன்னலிலிருந்து விலக்கி இழுத்தேன்.

"தறி ஓடுதே, கேக்கலயா?" என்றார் வீ.அ. "சித்த இரு. வேலைய முடிச்சிக்கினு வரட்டும்."

மாமா பைக் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மாடியில், சுவரோரம் என் பக்கத்தில் கௌ. அவள் கால் தானாக மிதித்துக்கொண்டிருந்தது, வெறும் தரையை, அதே தாளத்தில். தொட்டு நிறுத்தினேன். மறுபடி ஆரம்பித்தது.

ஜீப் வந்தது. ஒரு பெண் அதிகாரி, இரண்டு போலீஸ். கல்யாணம் பண்ண மாட்டேன் என்று மாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கௌ. பள்ளி விடுதிக்கு. திரும்பிப் பார்க்கவே இல்லை.

அக்டோபர் 22, புதன்

தீபாவளிக் குப்பை, சேறு. அறையைக் காலி செய்யப் பெட்டி கட்டுகிறேன். வீ.அ. முறுக்கு கொடுத்தார். அந்தப் போனைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

எதிரே தறி ஓடுகிறது. டக், டக், ஒரு இழுப்பு, டக். கௌ. இங்கே இல்லை என்று இப்போது தெருவுக்கே தெரியும். யாரை ஏமாற்ற?

சொல்லிக்கொள்ளப் போனேன். "இனிமே உங்க தட்டுலயே நெய்யலாமேம்மா."

குழிக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தாள். தோள் இன்னும் இடதுபக்கம் சாய்ந்தே இருந்தது.

"நெய்யத்தான் பாக்கறேன். என்னுது எப்படி இருந்துச்சின்னு ஞாபகம் வரலம்மா."