மூன்று தரம் கூப்பிட வேண்டும்

அஞ்செட்டி
4-11-1968

அன்புள்ள அண்ணனுக்கு,

மலை முழுக்க மூடுபனி. துவைத்த துணி காயவே மாட்டேன் என்கிறது. பள்ளிக்கூடக் கூரை ஒழுகுகிறது. அதற்குக் கீழே நானும் பிள்ளைகளும் கர்த்தர் கிருபையால் சுகம். அண்ணியின் இடுப்பு வலி தேவலையா?

பவுலினா விஷயமாகத்தான் எழுதுகிறேன். அவள் இனித் திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க வரக்கூடாது என்று உபதேசியாராகச் சபை நடுவே சொல்லிவிட்டு நீங்கள் கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறிவிட்டீர்கள். இங்கேயே இருந்து பார்க்கிறவள் நான். நம் ஜனங்கள் ஒருவரும் அவள் வீட்டுப் பக்கம் போவதில்லை. கிணற்றடியில் அவளைக் கண்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

அவள் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. கதவில் கரியால் ‘நாளெ பா’ என்று எழுதவைத்தாள். கன்னடத்தில் ‘நாளைக்கு வா’ என்று அர்த்தம். வாசலில் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பேய் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுமாம். பேய் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தது என்று நானும் சிரித்தவள்தான். ஆனால் அவள் புருஷன் ஜேம்ஸ் போனது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். சோற்றில் கை வைத்திருந்தவர், வெளியே யாரோ கூப்பிட்டதும், “தோ வரேன்” என்று எழுந்து போனார். காலையில் பள்ளத்தில் கிடந்தார். கைக்குழந்தையோடு தனியாகக் கிடக்கிறவள் பயந்துபோய், பக்கத்து வீட்டுத் திம்மப்பனைக் கெஞ்சி எழுதி வாங்கிக்கொண்டாள்.

ஒரு தரம் வந்து, கோபப்படாமல் அவளிடம் பேசுங்கள். அவளை இப்படியே விட்டால் நமக்கு இல்லாமலே போய்விடுவாள்.

அன்புத் தங்கை
ஜெபசீலி

கிருஷ்ணகிரி
11-11-1968

என் அருமைச் சீலி,

உன் அண்ணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டும் அளவுக்குச் சுகமாக இருக்கிறாள்.

போய்ப் பார்க்காமலா தீர்ப்புச் சொன்னேன் என்று நினைத்தாய்? அங்கே வந்திருந்தபோது விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் வாசலில் நின்று “பவுலினா” என்று கூப்பிட்டேன். உள்ளே வெளிச்சம் தெரிந்தது. குழந்தை சிணுங்கியது, சட்டென்று அடங்கியது. யாரோ வாயைப் பொத்தியிருக்க வேண்டும். கதவு திறக்கவில்லை. என் மூக்குக்கு நேரே அந்தக் கரி எழுத்து! உபதேசியார் குரலைக் கேட்டும் திறக்காத வீட்டில் மறுபடி கூப்பிட்டுக்கொண்டு நிற்க எனக்கென்ன தலையெழுத்தா? வந்துவிட்டேன்.

அவள் அதைத் தன் கையால் அழிக்கட்டும். சபைக்கு முன்னால் முழங்காலில் நிற்கட்டும். பிறகு பார்க்கலாம். நீ இளகின மனசுக்காரி. சேற்றில் விழுந்தவளைத் தூக்கப்போய் நீயும் வழுக்கி விழாதே.

உன் அண்ணன்
அற்புதராஜ்

அஞ்செட்டி
18-11-1968

அன்புள்ள அண்ணா,

ஒரு தரமா கூப்பிட்டீர்கள்? ஐயோ அண்ணா! இத்தனை காலம் இந்த மலைக்கு வந்துபோகிறீர்கள், இதுகூடத் தெரியாதா? இங்கே ஒரு தரம் கூப்பிட்டால் யாரும் திறக்க மாட்டார்கள். அந்தப் பேயால் ஒரு தரம்தான் கூப்பிட முடியுமாம். மூன்று தரம் கூப்பிட்டால்தான் மனுஷன் என்று அர்த்தம். தபால்காரர்கூட இங்கே மூன்று தரம் கூப்பிடுவார்.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு பவுலினாவிடம் ஓடினேன். வந்தது நீங்கள்தான் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. “இல்லீங்க டீச்சரம்மா. அது உபதேசியாரு கொரல எடுத்துக்கிச்சு. தெனமும் விளக்கு வெக்கறப்ப வந்து கூப்புடுது” என்றாள்.

பயந்தவள் காதில் எதுதான் விழாது என்று சிரித்தேன். இருட்டத் தொடங்கியது, இருந்து பார்த்துவிட்டே போகலாம் என்று உட்கார்ந்தேன். திம்மப்பனின் நாய் திண்ணையில் படுத்திருந்தது. பள்ளத்துப் பக்கமிருந்து ஒரு குரல். முதலில் நீங்கள் தொண்டையைச் செருமுவீர்களே, அந்தச் செருமல். அப்புறம் “பவுலினா”. ஒரு தரம். நாய் தலைகூடத் தூக்கவில்லை.

அண்ணா, எனக்கு உங்கள் குரல் தெரியாதா? நான் பிறந்ததிலிருந்து கேட்கிற குரல். எழுந்து திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ஞாயிறுபள்ளியில் பிள்ளைகளுக்குப் பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று சொல்லிக்கொடுக்கிற நான், குழந்தையின் வாயைப் பொத்தினேன். வீட்டுக்கு வந்ததும் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து என் கதவுக்கு முன்னால் நின்றேன். எழுதவில்லை. ஆனால் எடுத்தேன். இனிமேல் நான் எந்த வாயால் அவளுக்குப் புத்தி சொல்வது?

ஜெபசீலி

கிருஷ்ணகிரி
27-11-1968

அன்புள்ள சீலி,

உன் கடிதம் வந்து நாளாகிறது. பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

எதிரொலி என்று எழுதலாம் என்று பார்த்தேன். யாரோ போக்கிரி விளையாடுகிறான் என்று எழுதலாம் என்றும் பார்த்தேன். முடியவில்லை. காரணம் சொல்கிறேன், அண்ணியிடம் சொல்லிவிடாதே.

விளக்கு வைத்ததும் நான் ஜெபத்தில் உட்காருவேன் அல்லவா? சபையார் ஒவ்வொருவர் பெயரையும் வாய்விட்டுச் சொல்லி ஜெபிப்பது என் வழக்கம். மனப்பாடம். அவளை நிறுத்திவைத்த பிறகு அந்தப் பெயரை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். ஆனால் அந்த இடம் வந்ததும், செருமிக்கொண்டு தாண்டப் பார்த்தாலும், நாக்கு தானாகப் போய்விடுகிறது. “பவுலினா” என்று ஒரு தரம் வந்துவிடுகிறது. உடனே அடுத்த பெயருக்குப் போய்விடுவேன். தினமும் இதே கதை.

இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. வருகிற ஏழாம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் வருகிறேன். நீயும் அவள் வீட்டில் இரு. மூன்று தரம் கூப்பிடுகிறேன்.

அற்புதராஜ்

அஞ்செட்டி
9-12-1968

அன்புள்ள அண்ணா,

சொல்லாமல் கொள்ளாமல் முதல் பஸ்ஸுக்கே போய்விட்டீர்களா? பள்ளிக்கூடத்தில் படுத்துக்கொள்வீர்கள் என்று பாய் போட்டு வைத்திருந்தேன். காலையில் போய்ப் பார்த்தால் வைத்தது வைத்தபடி இருக்கிறது.

பரவாயில்லை. என் மனசு குளிர்ந்துவிட்டது. நீங்கள் கூப்பிட்ட மூன்றாவது தரத்தில் பவுலினா கதவைத் திறந்தாள். நீங்கள் முக்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தீர்கள். நீங்கள்! களியைப் பிட்டு முதலில் அவள் தட்டில் வைத்தீர்கள். “எழுதுனது தப்புங்க, பயந்துட்டனுங்க” என்று அவள் அழுதபோது நீங்கள் ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. “நானும் பயந்திருக்கேம்மா” என்று மட்டும் சொன்னீர்கள். என் அண்ணனா இவ்வளவு குறைவாகப் பேசுவது என்று எனக்கே ஆச்சரியம். திம்மப்பனின் நாய் உங்கள் காலடியில் வந்து படுத்துக்கொண்டது. எப்போதும் உங்களைக் கண்டால் வேட்டியைப் பிடிக்க ஓடிவருமே!

நீங்கள் போனதும் அவளே தண்ணீர் ஊற்றிக் கதவைக் கழுவிவிட்டாள். ஞாயிறு காலையில் கோயிலுக்கும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஜெபசீலி

கிருஷ்ணகிரி
13-12-1968

சீலி,

நான் வரவில்லை.

சனிக்கிழமை தேன்கனிக்கோட்டை வரைக்கும் வந்தேன். அஞ்செட்டி பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறவில்லை. மூன்று தரம் கூப்பிட்டும் அவள் திறக்காவிட்டால் எந்த முகத்தோடு திரும்புவது என்று பயம். ஊருக்கெல்லாம் பயப்படாதே என்று சொல்கிறவன், பயந்து திரும்பி வந்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் இங்கே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜெபம் ஓடவில்லை. அவள் பெயரை மட்டும் மூன்று தரம் சொல்லி அழுதேன். அண்ணியைக் கேட்டுப் பார், அவள் சாட்சி.

உங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டது யார் என்று என்னைக் கேட்காதே. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளைத் திருவிருந்திலிருந்து நிறுத்தியவன் நான். இனி அந்தப் பந்தியில் கை நீட்ட எனக்கு யோக்கியதை இல்லை. வேறு உபதேசியாரை அனுப்பச் சொல்லி எழுதப்போகிறேன். அந்த வாசலில் வந்து நிற்க எனக்குத் தைரியம் இல்லையம்மா.

அற்புதராஜ்

அஞ்செட்டி
17-12-1968

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தைப் பவுலினாவுக்குப் படித்துக் காட்டினேன். மறைக்க மனசு வரவில்லை. வந்தது நீங்கள் இல்லை என்ற இடத்தில் நான் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் பயப்படவில்லை. “அப்ப வரவேண்டியவருதான் வந்தாரு. களியப் பிட்டு எனக்குக் குடுத்தாரே” என்றாள்.

பிறகு உங்களை நினைத்து அழுதாள். “பாவம், அவரும் கதவச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்காரு. யாராச்சும் கூப்புட வேணாமா?” என்றாள்.

கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வாருங்கள். திருவிருந்துக்குக் கடைசி பெஞ்சிலிருந்து மூன்று பேரும் சேர்ந்தே எழுந்து போவோம். இப்போது குரல் எதுவும் கேட்பதில்லை. கதவும் தாழ் போடாமல் சும்மா சாத்தித்தான் இருக்கிறது.

இதற்குக் கீழே இருப்பது நான் எழுதுவதில்லை. அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். கூப்பிடுவது மனுஷிதான் என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமாம்.

உபதேசியாரய்யா.
உபதேசியாரய்யா.
உபதேசியாரய்யா.