விறகுக்கட்டையோடு வந்தவளுக்கு வாள் தரலாகாது

நலம் பெருகுக, நட்பு நிலைக்க, மாலை வேளையில் மின்சாரம் நில்லாதிருக்க.

கணினித் திரைக்குள் எழுந்து, கடல் கடந்தோரும் வந்து புகும் விளையாட்டு உலகில், தமிழ் பேசுவோர் கூடி நிறுவிய நீலவரை நாட்டின் அரசி, ஏழ்தலை நாகத்தைப் பலமுறை வென்றவள், அதனினும் பலமுறை அதனால் விழுங்கப்பட்டவள், வெளியுலகில் மன்னார்குடிக் கடைவீதியில் மருந்துக்கடை நடத்தும் ஏழிசைவல்லி, நம் நாட்டில் எஞ்சியிருக்கும் காவலர் அனைவருக்கும் விடுக்கும் ஓலை. வடவாயில் காவலர் இடிமுழக்கனார் இதனை முதலில் காண்க. கண்டபின் சினம் கொள்ளாமல் ஒரு குவளை மோர் அருந்துக. அதன்பின் ஏனையோர் காண்க. நம் நாட்டு ஓலைகள் பழந்தமிழ் நடையில் அமைவது வழக்கம் என்றாலும், மாந்தர் வாய்மொழியை மட்டும் மெருகிடாமல் அப்படியே எழுதுமாறு ஓலைக்காரருக்குப் பணித்துள்ளோம்.

நாடு மெலிந்துவிட்டது. ஒருகாலத்தில் சந்தைத்தெருவில் நடக்க இடமின்றித் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றோம். இன்று அங்கே விளையாட்டைப் படைத்தோர் நிறுத்திவைத்த பொம்மை வணிகர் மட்டுமே ஆளில்லாத தெருவைப் பார்த்து வாருங்கள் வாருங்கள் என்று அழைத்துக்கொண்டிருக்கிறார்கள். இஃது ஏன் என்று அவையில் வினவியபோது, படைத்தோர் புதிய மலையும் புதிய பகைவனும் தராமல் நம்மைக் கைகழுவிவிட்டனர் என்று படைத்தலைவர் குமுறினார். திறமையால் ஈட்ட வேண்டிய வாளைக் கடைவைத்து விற்கத் தொடங்கிய அன்றே எல்லாம் போயிற்று என்றார் கருவூலத்தார். திருமணம், தேர்வு, கைக்குழந்தை, இரவுப்பணி என்று ஏனையோர் அடுக்கினர். நாம் எதையும் மறுக்கவில்லை. ஆயினும் பெரும்பாலோர் போன வழி இவற்றினும் எளியது. நேற்றுப் பேசிய தோழர் இன்று வரவில்லை. அதனால் இவர் மறுநாள் வரவில்லை. இவரைத் தேடி வந்தவர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு அவரும் போனார். எவரும் வெறுத்துப் போகவில்லை. விடைபெற்றும் போகவில்லை.

போனவர் போக, புதியவரேனும் வந்து தங்கினால் நாடு பிழைக்கும். அவர்களும் ஏன் தங்கவில்லை என்பதைச் சொல்லவே இவ்வோலை. இடிமுழக்கனார் பெயரை இனி அடிக்கடி எடுக்க வேண்டியிருக்கிறது, அவர் பொறுத்தருள்க.

இடிமுழக்கனார், வெளியுலகில் தூத்துக்குடி ஐஸ் பேக்டரியில் எந்திரம் பார்க்கும் சவரிமுத்து அண்ணன், வேலை முடிந்து வீடு திரும்பியதும் குளித்துவிட்டு நேரே வடவாயிலுக்கு வந்து நிற்பவர். பல மாலைகளில் அவ்வாயிலில் அவரன்றி வேறெவரும் இலர். அப்படியிருக்கையில் புதியதோர் உருவம் அடிவாரத்துப் புல்லூரில் விறகுக்கட்டையை ஏந்தி விழித்துக்கொண்டு நிற்பதைக் கண்டால் அவர் நெஞ்சம் தாங்குமா? குதிரையைத் தட்டிவிட்டுக்கொண்டு ஓடுவார். பொன்வாள் தருவார், பறக்கும் காலணி தருவார், பை நிறையப் பொற்காசு தருவார். புல்லூரில் தொலைந்த ஆட்டைத் தேடித் தருவதே புதியவர்க்கு இட்ட முதற்பணி. அந்த ஆட்டை இவரே தேடிப் பிடித்து அவர் கையில் கொடுத்துவிடுவார். சென்ற கோடையில் ஆத்தூரிலிருந்து வந்த செவிலியர் கல்லூரி மாணவி கருங்குருவியை, வந்த அன்றே தம் குதிரையின் பின்னால் ஏற்றிக்கொண்டு மலையுச்சிக்குச் சென்று, நாம் ஆண்டுக்கணக்கில் முயன்று வென்ற ஏழ்தலை நாகத்தைத் தாம் ஒருவரே வெட்டிச் சாய்த்தார். நாகம் வீழ்ந்த பேரொலி அடங்கியதும் அப்பெண் கேட்டது இது: "அண்ணா, செத்துருச்சா? நான் இன்னும் கத்திய எடுக்கவே இல்லயே."

அவள் அதன்பின் ஒருநாள் வந்தாள். கிணற்றடியில் சற்று உலாவினாள். பிறகு வரவில்லை.

நாம் விடவில்லை; அலைபேசியில் அழைத்து, யாரேனும் மனம் நோகப் பேசினரா என்று வினவினோம். "கோவமெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. எல்லாரும் அவ்ளோ நல்லவங்க. ஆனா விருந்தாளிய உக்கார வச்ச மாதிரி உக்கார வச்சிட்டீங்க. அங்க எனக்குன்னு ஒரு வேலையும் இல்ல" என்றாள். கடையில் ஆள் நின்றதால் நாம் பேச்சை அத்துடன் முடித்துக்கொண்டோம். இருமல் மருந்து கேட்டவருக்கு வயிற்றுவலி மருந்தை எடுத்துக் கொடுத்தோம், அத்துணைக் கலக்கம்.

பழி இடிமுழக்கனார் ஒருவருடையதன்று. கருங்குருவிக்கு முன் வந்தவருக்குக் கோட்டையையே பரிசளித்தது யார்? நாம்தான். நம்மில் எவரும் பகையால் எவரையும் விரட்டவில்லை; வந்தவர் போய்விடுவாரோ என்று நடுங்கி, நடுங்கியபடியே அவர் செய்ய வேண்டியதை எல்லாம் நாமே செய்து முடித்து, அன்பாலேயே ஊரைக் காலி செய்துவிட்டோம்.

இது நிற்க. இப்போது ஒருத்தி வந்திருக்கிறாள். தனக்குத்தானே வெண்டைக்காய் என்று திருப்பெயர் சூட்டிக்கொண்டவள். அவையில் அப்பெயரைக் கேட்டு ஒருவரும் நகைக்கலாகாது. புல்லூர் வயலில் நரி கடித்து விழுந்தாள், எழுந்தாள், மீண்டும் அதே நரியிடம் போனாள், மீண்டும் விழுந்தாள். தன் ஒலிவாங்கி திறந்திருப்பதை அறியாமல் அவள் முழங்கியது நாடு முழுவதும் கேட்டது: "ஏய், திரும்பவும் கடிச்சிட்டியா? இரு, இங்கயே இரு, ஓடிராத, இந்தா வர்றேன்." இப்படி ஒரு குரலை நம் நாட்டில் கேட்டு எத்துணைக் காலமாயிற்று! அரியணையில் இருந்த நமக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்வதில் வெட்கமில்லை.

அதே வேளையில் வடவாயிலில் இடிமுழக்கனார் பெட்டியைத் திறந்து பொன்வாளைத் துடைத்து வைத்துவிட்டார் என்று ஒற்றர் வந்து கூறினர். தடுத்த ஒற்றரிடம், "சின்னப்புள்ள பாவம்லா, நரிகிட்ட கடி வாங்கியே போயிரப்போவுது" என்று வருந்தினாராம். போய்விடக்கூடும். அந்த அச்சம் நமக்கும் உண்டு. ஆனால் வாளைக் கொடுத்தால் உறுதியாகப் போய்விடுவாள்.

ஆகவே நம் ஆணை இது. வெண்டைக்காய் அம்மைக்கு எவரும் வாளோ, காசோ, காலணியோ தரலாகாது. வழி கேட்டாலன்றி வழி சொல்லலாகாது. ஆட்டை அவளே தேடட்டும். நரி அவளுடையது, அதன்மேல் வேறெவர் கை வைத்தாலும் அரச குற்றம்.

இடிமுழக்கனார்க்குத் தனி ஆணை ஒன்றும் உண்டு. அவர் இத்தனை காலம் வளர்த்த உருவத்தை வாயிலிலேயே விட்டு வெளியேறி, புதுப்பெயரில், கையில் விறகுக்கட்டையோடு புல்லூரில் பிறக்க வேண்டும். தாம் இன்னார் என்று அவளிடம் உரைக்கலாகாது. அவள் பக்கத்தில் நின்று, மெய்யாகவே கடிபட்டு, மெய்யாகவே ஓட வேண்டும். கொடுக்க ஒன்றுமில்லாத துணையே அவளுக்கு இப்போது வேண்டும். இடிமுழக்கனார்க்கும் அதுவே வேண்டும் என்பது நம் துணிபு.

அவர் இதற்கு ஒப்பமாட்டார் என்பதும், ஏன் ஒப்பமாட்டார் என்பதும் நாம் அறிவோம். ஒளிவீசும் கவசங்கள் பெட்டி நிறைய இருந்தும், பாசிநிறத்துப் பழங்கவசம் ஒன்றையே அணிந்து அவர் வாயிலில் நிற்கிறார். அவரோடு ஒரே பேக்டரியில் வேலை பார்த்து, ஒரே மாலையில் இந்நாட்டுக்குள் புகுந்து, பின்னர் குவைத்துக்குப் பிழைக்கச் சென்ற கயல்கொடியோனார், போகும்போது கண்ட கவசம் அது. அங்கே போய்ச் சேர்ந்ததும் வருகிறேன் என்றவர் இன்றுவரை வரவில்லை. என்றேனும் வந்தால் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிய வேண்டுமே என்றுதான் இவர் நிறம் மாற்றாமல், இடம் மாற்றாமல் நிற்கிறார். இதனை அவர் எவரிடமும் கூறியதில்லை. நாமும் இதுநாள்வரை கேட்டதில்லை, கேட்டிருக்க வேண்டும்.

சவரிமுத்து அண்ணன் மனம் ஆறுக. இன்றுமுதல் வடவாயிலில் நாம் நிற்போம். அரியணையில் அமர்ந்து ஆள இப்போது ஆளும் மிகுதியில்லை. அந்தப் பாசிநிறக் கவசத்தை நாமே அணிவோம். நமக்கு அது பொருந்தாது, பரவாயில்லை. கயல்கொடியோனார் வந்து தம் தோழர் எங்கே என்று கேட்பாராயின், அவர் எங்கும் போய்விடவில்லை, கீழே புல்லூரில் வெண்டைக்காய் என்னும் பெண்ணோடு சேர்ந்து ஆடு தேடிக்கொண்டிருக்கிறார், நீரும் ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு போய்ச் சேரும் என்று சொல்லி அனுப்புவோம்.

இது நீலவரை அரசியின் ஆணை. நம் இணைகெண்டை முத்திரை இட்டோம். மறுப்பாரின் மறுப்பு ஏற்கப்படாது. ஓலை கொணர்ந்தவர் வாயிலில் காத்திருக்கிறார். இடிமுழக்கனார் கவசத்தைக் கழற்றி அவரிடம் கொடுத்தனுப்புக.