பக்கத்து அறை

சாணார்பட்டி,
13.2.2025

என் அன்பு மகள் கௌசல்யாவுக்கு,

நீயும் மாப்பிள்ளை பழனிக்குமாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். என் போன் வராதபடி நீ தடுத்து வைத்திருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. குடித்துவிட்டு நான் பேசியதையெல்லாம் யார்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள்? உன் நிச்சயதார்த்தத்தில் சபை நடுவே நான் விழுந்ததற்கு நேரில் மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை. அதனால்தான் கடிதம்.

பத்து நாளைக்கு முன்பு, கை நடுக்கத்தில் பிளவுஸ் துணியோடு விரலையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட டாக்டரம்மா வாடையிலேயே கண்டுபிடித்துவிட்டார். ஐந்து நாள் படுக்கவைத்து மாத்திரை கொடுத்தார்கள். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு நோட்டீஸ். 'குடியை நிறுத்த விருப்பமா? எங்களோடு பேசுங்கள்.' கீழே ஒரு நம்பர். ஐந்து நாளும் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கூப்பிட்டேன். ஒரு பாய் எடுத்தார். "வீட்டுக்காரருக்காம்மா?" என்று கேட்டார். வாய் தவறி ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது, பாப்பா.

ஞாயிறு நாலு மணிக்கு, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டமாம். பயமாகத்தான் இருக்கிறது. போகிறேன்.

உன் அம்மா,
சண்முகவள்ளி

கோயம்புத்தூர்,
19.2.2025

அம்மா,

கடிதம் கிடைத்தது. விரல் ஆறிவிட்டதா? இவரும் விசாரித்தார்.

குடியை விட்டுவிட்டேன் என்று இதற்கு முன்பு மூன்று முறை சொல்லியிருக்கிறாய். மூன்று முறையும் நம்பினேன். நாலாவது முறைக்கு என்னிடம் தெம்பு இருக்கிறதா, தெரியவில்லை. கூட்டத்துக்குப் போ. ஆனால் எனக்காகப் போகாதே.

போன் இப்போதைக்கு வேண்டாம். நீ எழுதினால் படிப்பேன்.

கௌசல்யா

சாணார்பட்டி,
3.3.2025

கௌசல்யா கண்ணு,

விரல் ஆறிவிட்டது. படிப்பேன் என்று நீ எழுதியதே எனக்குப் போதும்.

முதல் ஞாயிறு அந்தப் பள்ளிக்கூட கேட்டை மூன்று தடவை தாண்டித் தாண்டி நடந்தேன். இன்றைக்கு லீவு என்று சொல்லி, அட்மிஷனுக்கு நாளைக்கு வரச் சொன்னார் வாட்ச்மேன். பிறகு எதற்கு வந்தேன் என்று அவருக்கே புரிந்து, உள்ளே கையைக் காட்டினார்.

இரண்டு அறைகள். ஒன்றில் குடியை விட்ட ஆண்கள். பக்கத்து அறையில் அவர்கள் வீட்டுப் பெண்கள். என்னை எதுவுமே கேட்காமல் பெண்கள் அறையில் உட்காரவைத்துவிட்டார்கள். அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது, அதனால் யார் பெயரும் எழுதவில்லை. அவர்கள் புருஷன்மார் செய்ததாகச் சொன்னது அத்தனையும் நான் செய்தது. இரண்டு வாரம் தலையைக் குனிந்துகொண்டு, கொடுத்த வடையைத் தின்றுவிட்டு வந்தேன்.

நேற்று ஓர் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"ஒங்க வீட்டுக்காரரு ஏன் வாரதே இல்ல?"

"அவரு செத்து ஆறு வருசமாச்சுக்கா."

"அப்ப யாருதேன் குடிக்கிறது?"

"நாந்தேன்."

ஓடிவிடலாம் என்று செருப்பைத் தேடினேன். அந்த அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நேராகப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். "இந்தம்மா ஒங்க ஆளு. இம்புட்டு நாளா நாங்க பிடிச்சு வச்சிருந்தோம்" என்றார்.

பதினாலு ஆண்கள். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். எல்லாரும் எழுந்து நின்றார்கள். போனில் பேசிய பாய் தலையில் கையை வைத்துக்கொண்டார். "மன்னிச்சிருங்கம்மா, நாந்தேன் தப்பாக் கேட்டுட்டேன். ஒக்காருங்க. நானும் ஒங்கள மாதிரிதேன்" என்றார்.

பேச ஆரம்பித்தவள் அரை மணி நேரம் நிறுத்தவே இல்லை. ஒருவர் குடிக்காமல் ஒரு வருஷம் முடித்ததற்குக் கேசரி வந்திருந்தது. அது ஆறிப்போகிறதே என்று அவர் மெதுவாக நினைவுபடுத்தினார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தேன், பாப்பா. குடிக்காமலே அப்படிச் சிரிக்க முடியும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண். இருந்தால் என்ன, வருகிற ஞாயிறும் போவேன்.

உன் அம்மா

கோயம்புத்தூர்,
14.5.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

வாராவாரம் நீ எழுதியதெல்லாம் கிடைத்தது. நான் பதில் போடாததற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு இது ஆறாம் மாதம். சொல்லியிருந்தால் குடித்துவிடுவாய் என்று பயந்தேன். துக்கத்தைவிடச் சந்தோஷத்துக்குத்தான் நீ அதிகம் குடித்திருக்கிறாய்.

பிரசவத்துக்கு நான் அங்கே வருவதுதான் வழக்கம். டாக்டர் அத்தனை தூரம் வேண்டாம் என்கிறார். நீதான் இங்கே வந்து இருக்க வேண்டும். ஆனால் உன் கூட்டம் தவறிப்போகுமே. அதனால் இங்கே ஒன்றைத் தேடி நானும் இவரும் மூன்று நாள் அலைந்தோம். ஓர் இடத்தில் கதவு பூட்டியிருந்தது. இன்னோர் இடத்தில் யோகா வகுப்பு நடந்துகொண்டிருந்தது. என் வயிற்றைப் பார்த்துவிட்டு, கர்ப்பிணிகளுக்குச் செவ்வாய்க்கிழமை என்றார்கள்.

கடைசியில் நம் வீட்டிலிருந்து இரண்டாவது ஸ்டாப்பிலேயே கிடைத்தது. புதன்கிழமை சாயங்காலம், குடியை விட்ட பெண்கள் மட்டும், ஏழு பேர். "எங்கம்மா மூணு மாசமாக் குடிக்கல. அடுத்த மாசத்துல இருந்து இங்க வருவாங்க" என்று சொன்னேன். ஏழு பேரும் கை தட்டினார்கள். வெளி ஆட்களிடம் உன்னைப் பற்றி நான் பெருமையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அங்கேயே அழுதுவிட்டேன். பஸ்ஸில் திரும்பும்போது இவர் அதையே சொல்லிக் கேலி செய்துகொண்டு வந்தார்.

நேற்றிலிருந்து குழந்தை உதைக்கிறது. இவர் கை வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்கிறார். உனக்குத் தெரியும். சீக்கிரம் வா.

உன் மகள்,
கௌசி