சர்வர் அறைத் தாம்பாளம்

சர்வர் அறை இன்றைக்கு முழுக்கப் பச்சை நிலக்கடலை மணக்கிறது. செடியிலிருந்து பறித்த கடலை, மண்கூட இன்னும் உதிரவில்லை. ஏசி காற்றில் அந்த வாசம் போக வழி தெரியாமல் அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. இந்த அறைக்குள் தின்பண்டம் வரக்கூடாது, தண்ணீர் பாட்டில்கூட வரக்கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியவள் நான். அந்தக் கதவுக்கு உள்ளே, உன் தாம்பாளம் நிறையக் கடலை குவிந்து கிடக்கிறது. கொண்டுவந்தது உன் அம்மா. அவர் ஏன் வந்தார், எப்படி வந்தார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இதை உன்னிடம் சொல்லிப் பெருமையடிக்காமல் வேறு யாரிடம் போய் அடிப்பது?

நீயும் நானும் ஒரே வருடம் இந்தப் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். கணினி மையத்தில் நான், எதிர்க் கட்டடத்தில் தேர்வுத் துறையின் புரோகிராமராக நீ. முதல் இரண்டு வருடம் நமக்குள் பேச்சு என்று ஒன்று இருந்தது என்றால் அது சண்டைதான். உங்கள் தேர்வு சர்வரை என் அறைக்குக் கொண்டுவா என்று நான் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். நீ அசையவில்லை. எது அனுப்புவதானாலும் பென் டிரைவில் ஏற்றி, உச்சி வெயிலில் தூக்கிக்கொண்டு மைதானத்தைக் கடந்து வந்து நிற்பாய்.

"நெட்வொர்க்குனு ஒண்ணு எதுக்குடி இழுத்து வெச்சிருக்கோம்?" என்று கத்துவேன்.

"அது நீ இழுத்ததாச்சே நூரு, அதான் பயமா இருக்கு" என்பாய், மூச்சு வாங்கிக்கொண்டே.

சும்மா சொல்லக்கூடாது, நம்மை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இந்த வளாகமே அப்படித்தான் இருந்தது. துறைக்கு ஒரு சர்வர். மேசைக்கு அடியில் ஒன்று, துடைப்பம் வைக்கும் அறையில் ஒன்று. வேதியியலில் இருந்த பெரிய கணினி வருடத்தில் பாதி நாள் தூங்கும். அதில் கொஞ்சம் இடம் கொடுங்கள் என்று யாராவது கேட்டுவிட்டால், ஏதோ வீட்டு நகையைக் கேட்டது மாதிரி முகம் மாறும். வேதியியல் தலைவரும் இயற்பியல் தலைவரும் ஓர் ஆய்வக அறைக்காகச் சண்டை போட்டு, பேச்சை நிறுத்தி வருடக்கணக்காகியிருந்தது.

அப்புறம் அந்த ரிசல்ட் நாள் வந்தது. காலையில் முடிவுகள் வெளியான கொஞ்ச நேரத்தில் இணையதளம் படுத்துவிட்டது. எத்தனை கல்லூரி, எத்தனை ஊர்ப் பிள்ளைகள்! எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து உன் ஒற்றை சர்வரின் கதவைத் தட்டினால் அது என்ன செய்யும், பாவம். மதியத்துக்குள் ஜனம் நேரிலேயே வந்துவிட்டது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண், அப்பாவோடு இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். "பாஸா ஃபெயிலான்னு மட்டும் சொல்லுங்கக்கா. நாளைக்கு வேலையில சேரணும். இல்லாட்டி வேற ஆளப் போட்ருவாங்க" என்று உன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நீ உள்ளே போய்ப் பார்த்து வந்து "பாஸ் ஆயிட்டத்தா, போ" என்றாய். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் உன் மேல் விழுந்தது. சாயங்காலம் வரைக்கும் தேர்வுத் துறைப் படியில் நின்று, பதிவு எண் கேட்டு, மார்க்கு சொல்லிச் சொல்லி உன் தொண்டை கட்டிப்போனது. கூட்டம் கலைந்தபின் என் அறைக்கு வந்து தரையில் உட்கார்ந்தாய். "அடுத்த வருசமும் இப்படி ஆச்சுன்னா நான் இந்த வேலையில இருக்க மாட்டேன்டி. அந்தப் புள்ள மூஞ்சியப் பார்த்தியா?" என்றாய். பார்த்தேன்.

என்ன செய்ய வேண்டும் என்பது நமக்குத் தெரியும். முடிவுகளைப் பல கணினிகளில் நகல் வைத்து, வருகிறவர்களைப் பிரித்து அனுப்ப முன்னால் ஒரு கணினியை நிறுத்த வேண்டும். கூட்டத்தில் துணைவேந்தருக்கு நீ விளக்கிய அழகே அழகு: "ஒரே இலையில ஊரே சாப்பிட முடியாதுல்ல சார். பந்தியப் பெருசாக்கணும். எந்தப் பந்தியில எடம் இருக்குன்னு பார்த்து உக்கார வைக்க வாசல்ல ஒரு ஆளு வேணும்." அவர் சிரித்துவிட்டார். புதிதாகக் கணினி வாங்க வழியில்லை, துறைகளிடம் ரிசல்ட்டுக்கு மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

நான் சுற்றறிக்கை தயார் செய்தேன். பதிவாளர் கையெழுத்தோடு எல்லாத் துறைக்கும் மின்னஞ்சல் போனது. ஒரே ஒரு பதில் வந்தது. 'எங்கள் துறையை இந்த மின்னஞ்சல் பட்டியலிலிருந்து நீக்கவும்' என்று.

அதைப் படித்து நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "பத்திரிகைய வாட்ஸ்அப்புல அனுப்பிட்டு மொய் வரும்னு பார்த்துக்கிட்டு இருந்தியாக்கும்?"

மறுநாள் காலையில் நீ தாம்பாளத்தோடு வந்தாய். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், சந்தனம், குங்குமம், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய அச்சடித்த அழைப்பிதழ். தேர்வு முடிவுத் திருவிழா, கணினியுடன் வந்திருந்து சிறப்பிக்கவும் என்று அதில் போட்டிருந்தாய். "கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு? இது யுனிவர்சிட்டிடி!" என்றேன்.

அப்போதுதான் உன் வீட்டுக் கதையைச் சொன்னாய். கொட்டாம்பட்டிப் பக்கத்தில் உன் அப்பாவும் அம்மாவும் வருடம் முழுக்க உழைத்தது இன்னொருவர் காட்டில். அந்தக் காட்டுக்காரர் வீட்டில் கல்யாணம் என்றால் உங்கள் தெருவுக்குத் தட்டு வராது. "தெரு முனையில நின்னு ஒருத்தன் சத்தம் போட்டுச் சொல்லிட்டுப் போவான், இன்னைக்குக் கல்யாணம், வேலைக்கு வந்துருங்கன்னு. எங்க சொந்தக்காரங்களைத் தவிர எங்கம்மா வாசல்ல தட்டோட வந்து யாரும் நின்னதில்ல. சொல்லிவிடுறதுக்கும் வந்து கூப்பிடுறதுக்கும் என்ன வித்தியாசம்னு எனக்குத் தெரியும் நூரு. நீ அனுப்புனியே சர்க்குலர், அது சொல்லிவிடுறது."

கேபிள் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு உன் பின்னால் நடந்தேன்.

துறை துறையாகப் போனோம். எல்லா இடத்திலும் அதே கேள்வி, கல்யாண வீட்டில் கேட்பது போலவே: "எங்களுக்கு முன்னாடி யாரக் கூப்பிட்டீங்க?" நீ கண்ணைக்கூடச் சிமிட்டாமல் "உங்களத்தான் சார் மொதல்ல" என்பாய். வேதியியலும் முதல், இயற்பியலும் முதல், தமிழ்த் துறையும் முதல், நூலகமும் முதல். வேதியியல் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "என் சர்வீஸ்ல முதல் தடவையா இந்த வளாகத்துல என்னை ஒருத்தர் நேர்ல வந்து கூப்பிடுறாங்கம்மா" என்றார். சந்தனத்தைத் தொட்டுக்கொண்டார். பெரிய கணினியைத் தந்தார்.

ஜெனரேட்டர் வசதி என் அறைக்கு மட்டும்தான் என்பதால் எல்லாக் கணினியும் இங்கே வந்தன. வேதியியல் கணினியையும் இயற்பியல் கணினியையும் வேண்டுமென்றே பக்கத்தில் பக்கத்தில் வைத்தாய். ரிசல்ட் பக்கத்தில் பெரிய பெரிய அதிகாரிகளின் படங்கள் வரிசையாக இருந்தன. திறக்க நேரமாகிறது என்று அத்தனையையும் எடுத்தாய். ஓர் அதிகாரி சண்டைக்கு வந்தார். "புள்ளைங்க மார்க்கு பார்க்க வருதா, உங்களப் பார்க்க வருதா சார்?" என்று கேட்டு அனுப்பினாய். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

முடிவுகள் வெளியான காலையில் நாம் இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். ரிசல்ட் பார்க்க வந்தவர்களின் எண்ணிக்கை ஏறியது, ஏறியது, போன வருடம் படுத்த இடத்தைத் தாண்டியும் ஏறியது; இணையதளம் படுக்கவில்லை. உன் நகம் என் கையில் பதிந்த தடம் சாயங்காலம் வரை இருந்தது. திடீரென்று நீ "நிக்குதுடி! நூரு, நிக்குதுடி!" என்று கத்தினாய். வெளியே வராந்தாவில் காத்திருந்த துறைக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். வேதியியலும் இயற்பியலும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். படியில் வந்து அன்றைக்கு யாரும் நிற்கவில்லை. அந்த வெறும் படியை நீ நின்று பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

வாங்கியதோடு நீ விடவில்லை. நம் பக்கத்துச் செய்முறை உனக்கு அத்துப்படி, வாங்கினால் திருப்பிச் செய்ய வேண்டும். இயற்பியலில் வைரஸ் புகுந்தபோது ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் என்னைக் கோரிப்பாளையம் சிக்னல் நெரிசலிலிருந்து வண்டியோடு கிளப்பிக்கொண்டு போனாய். "அவங்க நமக்குச் செஞ்சவங்கடி. இப்ப நாம போகலேன்னா அடுத்த தடவை எந்த மொகத்த வெச்சுக்கிட்டுக் கூப்பிடுறது?" அப்படியே வழக்கமாகிவிட்டது. நூலகத்தின் நகல் வேதியியலில் இருக்கும், வேதியியலின் நகல் தமிழ்த் துறையில் இருக்கும். யார் கணினி படுத்தாலும் இன்னொருவர் தாங்குவார். தரம் பார்க்க வந்த குழுவில் ஒருவர், இத்தனை துறைகள் எப்படி ஒத்துழைக்கின்றன என்று ஆச்சரியமாகக் கேட்டார். நீ தாம்பாளத்தை எடுத்துக் காட்டினாய். அவர் அதற்கு 'ஸ்டேக்ஹோல்டர் அவுட்ரீச்' என்று ஆடம்பரமாக ஓர் இங்கிலீஷ் பெயர் வைத்து எழுதிக்கொண்டார். வெளியே வந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்த கடைசி நாட்களில் அந்தச் சிரிப்பு குறைந்துபோனது. என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "இந்த வருசம் நீ தட்டைத் தூக்கிட்டுப் போடி."

"எனக்கு வராதுடி. நான் வாயைத் திறந்தா சண்டைதான் வரும்" என்றேன்.

"வரும். போய் நில்லு, வாய் தானா வரும்" என்றாய்.

நீ போய்ப் பதினாறாம் நாள் காரியம்கூட முடியவில்லை, ரிசல்ட் தேதி வந்துவிட்டது. நான் எங்கும் போகவில்லை. தாம்பாளத்தைத் தொடவே கை வரவில்லை. இருக்கிற இரண்டு கணினியை வைத்துக்கொண்டு என்ன ஆகுமோ ஆகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். முந்தின நாள் காலையில் வராந்தாவில் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால், வேதியியல் தலைவர் கணினியை ஒரு பக்கம் பிடித்திருக்கிறார், மறுபக்கம் இயற்பியல் தலைவர்! பின்னால் நூலகம், தமிழ்த் துறை, ஒவ்வொருவராக வருகிறார்கள்.

"நான் கூப்பிடவே இல்லையே சார்" என்றேன்.

"விசேஷத்துக்குத்தாம்மா கூப்பிடணும். துக்கத்துக்குமா கூப்பிடுவாங்க? நகருங்க, கனமா இருக்கு" என்றார் வேதியியல்.

சர்வர் அடுக்கிய ரேக்கைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். ஒருவரும் என்னைத் தேற்ற வரவில்லை. கேபிளை எங்கே சொருக வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அது போன வருடம். இந்த வருடக் கூட்டத்தில், இனி ரிசல்ட் வேலையை வெளியே ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிடலாமே என்று ஒருவர் சொன்னார். நான் பதில் சொல்லுமுன் இயற்பியல் தலைவர் எழுந்துவிட்டார். "அப்ப எங்களையெல்லாம் கூப்பிட மாட்டீங்க, அப்படித்தானே?" என்றார் கோபமாக. பேச்சு அதோடு முடிந்தது. வெளியே வந்தபோது என்னைப் பார்த்து, "தட்டு வரும்ல?" என்று கேட்டார்.

வரும் சார் என்று சொல்லிவிட்டேன். சொன்னபின் வேறு வழி?

தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்தேன். உன் வெற்றிலை பாக்கோடு, எங்கள் வீட்டு வழக்கப்படி கற்கண்டும் பேரீச்சம்பழமும் வைத்தேன். தூக்கிக்கொண்டு எந்தத் துறைக்கும் போகவில்லை. நேரே கொட்டாம்பட்டிக்குப் பஸ் ஏறினேன். உன் அம்மா வாசலில் கடலை ஆய்ந்துகொண்டிருந்தார். தட்டைப் பார்த்ததும் எழுந்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "யாருக்குத்தா கல்யாணம்?" என்றார்.

"கல்யாணம் இல்லம்மா, ரிசல்ட்டு. உங்க மக ஆரம்பிச்சு வெச்ச விசேஷம். நீங்க வரணும்."

"ஊருல வேற யாரையும் கூப்பிட்டுட்டியாத்தா?"

"இல்லம்மா. உங்களத்தான் மொதல்ல."

நீ அத்தனை பேரிடமும் சொன்ன அந்தப் பொய்யை நான் உண்மையாகச் சொன்னேன். உன் அம்மா இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கி, கொஞ்ச நேரம் கீழே வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அழைப்பிதழை எடுத்துச் சாமி படத்தருகில் வைத்தார். தட்டை மட்டும் தரவில்லை. "வெறுந் தட்டாவா குடுத்துவிடுவாங்க? வாரப்ப கொண்டாரேன், போ" என்றார். மறுநாளிலிருந்து நான் துறைகளுக்கு என் வீட்டுத் தட்டைத்தான் தூக்கிக்கொண்டு போனேன். முதலில் யாரைக் கூப்பிட்டீர்கள் என்று வேதியியல் கேட்டார். உங்களை இல்லை சார் என்று விஷயத்தைச் சொன்னேன். "சரியாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றார்.

இன்று காலை உன் அம்மா கடலை நிறைந்த தாம்பாளத்தோடு வந்து சேர்ந்தார். ஏசி குளிருக்கு என் துப்பட்டாவைப் போர்த்தி, திரைக்கு முன்னால் உட்கார வைத்தேன். அந்த எண் ஏன் ஏறுகிறது என்று கேட்டார். ரிசல்ட் பார்க்க வந்திருக்கிற பிள்ளைகள் என்றேன்.

"இம்புட்டுப் பேருமா?"

"ஆமாம்மா."

"இம்புட்டுப் பேரும் எம்மக விசேஷத்துக்கா வந்திருக்காங்க?"

நான் அவர் தோளில் துப்பட்டாவை இழுத்துச் சரிசெய்தேன். இயற்பியல் தலைவர்தான் பின்னாலிருந்து, "ஆமாம்மா, நாங்களும் அதுக்குத்தான் வந்திருக்கோம்" என்றார்.

உன் அம்மாவை பஸ் ஏற்றிவிட்டு இப்போதுதான் வந்தேன். நாளைக்கு இந்தக் கடலையைத் துறை துறையாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தாம்பாளம் இனி என் கையில்தான். வாய் தானாக வரும் என்றாயே, வருகிறது. தேர்வுத் துறைப் படியை வரும் வழியில் பார்த்தேன், ஒரு ஆள் இல்லை. திரையில் எண் இன்னும் ஏறிக்கொண்டே இருக்கிறது.

நிக்குதுடி.