வைடூரியவல்லியை அவரும் கேட்கிறார்

திரேஸ்புரம்,
செவ்வாய்க்கிழமை

உடன்பிறக்காத அன்புத் தங்கை வேல்விழிக்கு சுந்தரி அக்கா எழுதுவது.

இங்கே நாங்கள் சுகம். நீயும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இதை கான்வென்ட் சிஸ்டர் பிளாரன்ஸ் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீ இருக்கும் இடம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். போனில் பேச எனக்குப் பயமாக இருக்கிறது. உன் வீட்டுக்காரர் இப்போது அடிக்கடி என் தையல் கடைக்கு வருகிறார். போன வாரம் மேஜையில் கிடந்த என் போனைக் கேட்காமலே எடுத்து, யார் யார் பேசியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வைத்தார்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். யூடியூபில் நீ ஏற்றியிருக்கும் நாடகப் பாட்டுகளை எல்லாம் இதைப் படித்ததும் எடுத்துவிடு.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நகையை எல்லாம் விட்டுவிட்டு, ஒரு கையில் பாப்பாவையும் மறு கையில் கேசட் பையையும் தூக்கிக்கொண்டு போனவள் நீ. உங்கள் அப்பா ஆர்மோனியம் வாசித்த நாடக மன்றத்தில், நடித்தவர்களே கூடி உட்கார்ந்து பாடிப் பதிந்த கேசட்டுகள் அவை. நாம் இரண்டு பேரும் கடையில் பொத்தான் தைத்துக்கொண்டே 'வைடூரியவல்லி'யை எத்தனை முறை கேட்டிருப்போம். ராஜா வேஷக்காரர் பாட்டுக்கு நடுவில் இருமுவதைக்கூட மனப்பாடமாக வைத்திருந்தோமே. நீ போன பிறகு, ஒருநாள் சும்மா அந்தப் பெயரைப் போனில் தட்டிப் பார்த்தேன். பாட்டு வந்தது. அதே இருமல். நீ உயிரோடு நல்லபடியாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான். மிஷின்மேல் தலையை வைத்து அழுதேன்.

எனக்குத் தோன்றியது அவருக்கும் தோன்றியிருக்கிறது, வேலு. பெயர்பெற்ற நாடகமாக இருந்தால் ஆயிரம் பேர் போட்டிருப்பார்கள், அதில் உன்னைத் தேடிப் பிடிக்க முடியாது. 'வைடூரியவல்லி'யை இந்த உலகத்தில் யாருக்கும் நினைவில்லை. தேடினால் வருவது ஒன்றே ஒன்று. அதைப் போட்டது யார் என்று அவருக்குச் சொல்லித்தரவா வேண்டும்? நீ கேட்டால் "ஒப்பாரிய நிப்பாட்டு" என்று டேப்ரிக்கார்டரை எட்டி உதைத்தவர், இப்போது காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு என் கடைக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முழு நாடகத்தையும் கேட்கிறார். சிரிப்பதில்லை, தலையாட்டுவதில்லை. நிறுத்துகிறார், பின்னுக்குத் தள்ளுகிறார், மறுபடி கேட்கிறார்.

நீ கேசட்டை ஓடவிட்டு, போனைப் பக்கத்தில் வைத்துப் பதிந்திருக்கிறாய். அறையில் இருந்த சத்தமும் சேர்ந்து விழுந்திருக்கிறது. நந்தவனக் காட்சி முடிந்து கேசட்டைத் திருப்பிப் போடும் இடத்தில், "அம்மா, கதவப் பூட்டிட்டேன்" என்கிறாள் பாப்பா. அதற்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் கண்டக்டர் ஊர்ப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்.

நேற்று மத்தியானம் அவர் கடைக்குள் வந்து, ஹெட்செட்டை என் கையில் கொடுத்தார். "மைனி, உங்களுக்கு நல்ல காதுல்லா. இந்த கண்டக்டர் எந்த ஊரச் சொல்லுதான்னு கேட்டுச் சொல்லுங்க. எனக்கு 'கொளம்'னு மட்டுந்தான் வெளங்குது" என்றார். குரலை உயர்த்தவில்லை. நான் கேட்கும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முழுப் பெயரும் கேட்டது. கேட்காமல் இருந்திருக்கலாம். கத்தரிக்கோலைப் பிடித்திருந்த கையை மேஜைக்குக் கீழே இறக்கிக்கொண்டேன். "பெரியகுளம்னு சொல்லுத மாதிரி இருக்கு" என்று வேறு ஊரைச் சொன்னேன். "அப்பிடியா" என்றார். ஹெட்செட்டைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இன்று விடியற்காலையில் அவர் பெரியகுளம் போவதற்குத் தேனி பஸ்ஸில் ஏறியதை எங்கள் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்துவிட்டு வந்து சொன்னார். அங்கே எவ்வளவு நாள் அலைவாரோ தெரியாது. அவர் திரும்புவதற்குள் நீ இடம் மாறிவிட வேண்டும். சிஸ்டர் எல்லாம் பேசி வைத்திருக்கிறார். பாதுகாப்புக் கேட்டுக் கோர்ட்டில் மனுப் போடுவதையும் வக்கீலிடம் சொல்லிவிட்டார். ஏன், எதற்கு என்று கேட்காமல் அவரோடு கிளம்பு.

பாப்பாவைத் திட்டாதே. அவள் நல்ல பிள்ளை, கதவைப் பூட்டியிருக்கிறாள்.

அன்புடன்,
சண்முகசுந்தரி


திரேஸ்புரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வேலு,

நீயும் பிள்ளையும் புது இடத்துக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததை சிஸ்டர் வந்து சொன்னார். அதன் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. பாட்டுகளும் போய்விட்டன. தேடிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. நல்லது.

இங்கே நடந்ததை நீ வேறு யார் வாயிலாவது கேட்டுப் பதறக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் திரும்பி வந்தான். எங்கள் வீட்டுக்காரர் துறைமுகத்துக்கு லாரி எடுத்துப் போயிருந்தார். கடைக்குள் வந்தவன் ஷட்டரைப் பாதிவரை இறக்கினான். "பெரியகொளத்துல ஒரு தெரு பாக்கியில்ல மைனி. நீங்க வேணும்னே சொன்னியளா, காது கேக்கலியா?" என்றான். வெட்டி வைத்திருந்த ரவிக்கைத் துணியை எடுத்து, மெதுவாக, நீளவாக்கில் கிழித்தான். கூப்பிட்டால் சத்தம் வராது என்று எனக்கே தெரிந்தது.

பக்கத்தில் நீ எனக்கென்று பதிந்து கொடுத்த கேசட் டேப்ரிக்கார்டரில் இருந்தது. விரலை நீட்டி அதை அழுத்தினேன். சத்தத்தை முழுவதும் கூட்டினேன். நீ போனதிலிருந்து மத்தியான வேளையில் நான் அதைப் போடுவதும், எதிர்ப்புறம் மீன் விற்கும் அல்போன்சாவும் மற்ற பெண்களும் கூடை காலியானதும் கேட்க வருவதும் வழக்கமாகிவிட்டது. வைடூரியவல்லியைக் காட்டில் விட்ட இடத்தில் முந்தின நாள் நிறுத்தியிருந்தேன். பாட்டு எழும்பியதும் ஷட்டருக்குக் கீழே கால்கள் தெரிந்தன. அல்போன்சா ஷட்டரை மேலே தள்ளி, "ஏளா சுந்தரி, நாங்க வராம போட்டுட்டியா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள். அவனையும் கிழிந்த துணியையும் பார்த்தாள். வேறு எதுவும் கேட்காமல், அவனுக்கும் எனக்கும் நடுவில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். கடையில் நிற்க இடமில்லை. அவன் அவர்களைத் தாண்டித் தாண்டி வெளியே போனான்.

அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் டீக்கடை பெஞ்சில் இப்போதும் வந்து உட்காருகிறான். ஹெட்செட் இல்லை. சும்மா என் கடையைப் பார்க்கிறான். கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்தால் அடங்குவான் என்கிறார் சிஸ்டர். அல்போன்சா என்னோடு வீடுவரை நடந்து வருகிறாள். நீ என்னை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். என்னைப் பார்க்க வரவும் வேண்டாம்.

பாட்டுக் கேட்பதை மட்டும் விட்டுவிடாதே. சத்தத்தைக் குறைத்து வைத்து, பாப்பாவுக்கும் கதை சொல்லிக் கேள். எங்கும் பதியாதே.

நீ இப்போது எந்த ஊரில் இருக்கிறாய் என்று சிஸ்டர் சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்துக்கும் பதில் போடாதே, தங்கமே. அந்த ஊரின் பெயர் கடைசிவரை என் காதில் விழாமல் இருக்க வேண்டும் என்று அம்மனிடம் வேண்டிக்கொள்கிறேன். நீயும் எனக்காக அதையே வேண்டிக்கொள்.

என்றும் உன்
சுந்தரி அக்கா