பதிவேட்டில் ஏறிய வெள்ளை உயிர்

அன்புள்ள ரொங்கோவுக்கு நூரோவா எழுதுவது. கியா ஓரானா. உன் முழங்கால் வலி குறைந்ததா? உன் அம்மா வேளைக்கு மாத்திரை போடுகிறாரா? சுரங்க நிறுவனத்தின் ஆய்வுக் கப்பலில் நான் நலம்.

சமையல்காரர் மாமா நம் ரரோடோங்கா தீவின் செய்தித்தாளை நீட்டி, "உன் புருஷன் பக்கத்துல ஒட்டிக்கிட்டு நிக்கிறது யாரும்மா?" என்று சிரித்தார். கடலடிச் சுரங்கம் வேண்டாம் என்ற ஊர்வலத்தில் நீயும் உன் போராட்டத் தோழி டேபாயேருவும்! உன் கழுத்துப் பூமாலை அவள் கட்டியது என்று பார்த்ததுமே தெரிந்தது. வயிறு எரிந்தது.

அன்று ஐந்து கிலோமீட்டர் ஆழத்திலிருந்து வந்த உலோகக் கட்டிகளை எடைபோட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றில் விரல்நீள வெள்ளை உயிர் ஒட்டியிருந்தது. எங்கள் பட்டியல் எதிலும் அது இல்லை.

"ஒண்ணே ஒண்ணுதானே, எழுதாம விடு. புது உயிர்னு தெரிஞ்சா சுரங்க அனுமதி சிக்கலாயிடும்," என்றார் மேலாளர். நான் படம் வரைந்தே பதிவேட்டில் ஏற்றினேன்.

"அழிச்சிடு."

"பேனாவுல எழுதிட்டேனே சார்!"

உண்மையைச் சொல்கிறேன். அப்போது நான் கடலை நினைக்கவில்லை, அவளைத்தான் நினைத்தேன். கோஷம் போடத் தெரிந்தவளுக்கு இது முடியுமா?

இனி கப்பல் கரைசேரும்வரை எனக்குப் பாட்டில் கழுவும் வேலைதான். சிரமமில்லை, கவலைப்படாதே. அடுத்த படகில் தேங்காயெண்ணெயும் உன் பழைய சட்டை ஒன்றும் அனுப்பு. சட்டையைத் துவைக்க வேண்டாம்.

அந்தப் பதிவேட்டுப் பக்கத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். சுரங்கத் தடை பற்றிய கூட்டத்தில் என் பெயரைச் சொல்லியே வாசி. வேலை போனால் போகட்டும். ஆனால் நீயே வாசிக்க வேண்டும். அவள் கையில் மட்டும் கொடுத்துவிடாதே.

படகுக்காரர் கூப்பிடுகிறார்.

உன் நூரோவா